பார்க்காமல் இருக்கும் வேலை

ஜமுனாமரத்தூரில் என்னை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் டாக்டர் இல்லை. என் கணவர் கால்நடை மருத்துவர். அவருக்கு இங்கே மாற்றல் வந்தபோது நானும் என் லேப்டாப்பும் கூடவே மலையேறினோம். ஆரம்பத்தில் சிலர் ஆட்டுக்குக் கழிச்சல் என்று என் முன்னால் வந்து நின்றார்கள். டாக்டர் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். போகப்போக எந்தக் கழிச்சலுக்கு எந்த மருந்து என்று எனக்கே தெரிந்துவிட்டது. இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

என் வேலை பெங்களூரில் உள்ள ஒரு பெரிய கம்பெனியில். வண்டி கூப்பிடவும் சாமான் வரவழைக்கவும் பணம் அனுப்பவும் ஒரே செயலியைக் கோடிக்கணக்கான பேர் போனில் வைத்திருக்கிறார்கள். அந்த ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார், என்ன வாங்கினார், யாருக்குப் பணம் அனுப்பினார் என்பதெல்லாம் எங்கள் கணினிகளில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். அதை யார் எதற்காகத் தொடலாம் என்று காவல் காக்கும் குழுவில் நான் இருக்கிறேன். வண்டி வந்து நிற்பதற்காக வாங்கிய இருப்பிடத்தை விளம்பரம் காட்டுவதற்கு எடுக்கக் கூடாது. மருந்துக் கடை ரசீதைக் கடன் கொடுக்கலாமா என்று கணக்குப் போடுவதற்கு எடுக்கக் கூடாது. எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும்தான். ஒவ்வொரு தகவல் மீதும் இது இன்ன காரியத்துக்காக வாங்கியது என்று ஓர் அடையாளம் ஒட்டியிருக்கும். வேறு காரியத்துக்கு யாராவது இழுத்தால் கணினியே தடுத்து நிறுத்தும். தடுக்காத இடங்களைத் தேடிப் பிடித்துத் தடுக்க வைப்பது எங்கள் பாடு.

கம்பெனிக்குள் எங்கள் குழுவை யாருக்கும் பிடிக்காது. நான் கூட்டத்தில் சேர்ந்ததும் பேச்சு நிற்கும், பிறகு யாராவது வானிலையைப் பற்றிக் கேட்பார்கள். ஜவ்வாது மலையில் இப்போது குளிரா என்பார்கள். குளிர்தான் என்பேன். அதன் பிறகு விதிவிலக்கு கேட்பார்கள். ஒரே ஒரு தடவை, கொஞ்சம் தகவல்தான், வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். எல்லா விண்ணப்பமும் இந்த மூன்று வரிகளில் அடங்கிவிடும்.

ஒருமுறை எங்கள் ஆளே மாட்டினான். கல்யாணம் நிச்சயமான பையன். நிச்சயித்த பெண் சாயங்காலங்களில் எங்கே போகிறாள் என்று எங்கள் கணினியில் பார்த்திருக்கிறான். எச்சரிக்கை என் திரையில் வந்தது. கேட்டதற்கு, கட்டிக்கொள்ளப் போகிறவள்தானே, அக்கறையில் பார்த்தேன் என்றான். அவன் குரலில் பொய் இல்லை. நான் அறிக்கை எழுதினேன், அவனுக்கு வேலை போயிற்று. அந்தக் கல்யாணம் நடந்ததா என்று தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு வழி இருந்தது என்பதுதான் விஷயமே.

இதையெல்லாம் என் கணவர் பால் ஊற்றும் இடத்தில் நின்று பெருமையாக விளக்கியிருக்கிறார். யார் எந்தத் தகவலைப் பார்க்கலாம் என்று முடிவு செய்கிறவள் என் மனைவி என்றிருக்கிறார். கேட்டவர்கள் அதைச் சுருக்கி, டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்க்கும் என்று வைத்துக்கொண்டார்கள்.

எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் பக்கத்து வீட்டிலேயே இருந்தார்கள். மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமை விதைக்கிற குடும்பம். சரிவில் நிலம், அதற்கு மேலே புளிய மரங்கள். அந்த வீட்டு அக்காவுக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூடுதல் இருக்கும். அவர் கணவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. ஒரே பெண். வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மேலே வந்தால் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டு பேசுவாள். வெளிநாட்டுக்காரர்களின் கால் ஏன் இவ்வளவு நீளம் என்று ஒருநாள் கேட்டாள். அவள் தைத்த ஷூக்களை வைத்து அவள் அறிந்திருந்த உலகம் அது.

அவளுக்குத் தாய்மாமன் மகனைப் பேசி வைத்திருந்தார்கள். போளூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிற பையன், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. போனில் கேட்டபோது, பாக்கலாம் என்றிருக்கிறாள். அதை அக்கா சம்மதமாக எடுத்துக்கொண்டு தாம்பூலம் மாற்ற நாள் பார்த்துவிட்டார். அடுத்த வாரத்தில் இருந்து அக்கா அடித்தால் மகளுக்குப் போன் போகவில்லை. என் கணவர் போனிலிருந்து அடித்தால் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அப்பா கீழே இறங்கிப் போய் விசாரித்தார். கம்பெனியில், முறைப்படி வேலையை விட்டு நின்றுவிட்டாள், வேறு எதுவும் சொல்வதற்கில்லை என்றார்களாம். ஹாஸ்டலில், காலி செய்துவிட்டாள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அதற்கு மறுநாள் காலை நான் லேப்டாப்பில் கூட்டத்தில் இருந்தபோது அக்கா வந்தார். ஒலியை அணைத்துவிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, சுவரில் சாய்ந்து நின்றார். கூட்டம் முடியும் வரை அப்படியே நின்றார்.

"எம்மா, உன் கம்பெனி ஆப்பு எம்பொண்ணு போன்ல கீது. எனக்குத் துட்டு அனுப்பறதுக்குன்னு அதுவே போட்டுக்கிச்சு. அது எங்க கீதுன்னு பாத்து சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

நான் எனக்குத் தெரிந்த எளிய சொற்களில் விளக்கினேன். அந்தத் தகவலை அவள் பணம் அனுப்புவதற்காகத்தான் கொடுத்தாள், தேடுவதற்காக இல்லை என்றேன். அவளுக்கு இருபத்து மூன்று வயதாகிறது, அவள் சொல்லாமல் நாம் எடுக்கக் கூடாது என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"முடியாதா, மாட்டியா?"

எங்கள் கம்பெனியில் இத்தனை வருடத்தில் யாரும் இந்தக் கேள்வியை இவ்வளவு சுத்தமாகக் கேட்டதில்லை.

"முடியும்க்கா. மாட்டேன்."

இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று என் கணவர் பிறகு சொன்னார். முடியாது என்றால் யாருக்கும் கோபம் வராது, கணினி சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் சொன்னது சரிதான். ஆனால் கேட்டது நேரான கேள்வி.

அவள் உயிருக்கு ஆபத்து என்று பயமாக இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டேன். அப்படி என்றால் இப்போதே போலீசுக்குப் போவோம், நானும் வருகிறேன், போலீஸ் கேட்டால் கம்பெனி உடனே தரும், அதற்கென்று தனி வழியே இருக்கிறது என்றேன்.

"கல்யாணம் பேசி வெச்சிக்கினு போலீசுக்குப் போனா எங்கண்ணன் வூட்ல இன்னா நெனப்பாங்க?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதில் எனக்கு ஒன்று விளங்கியது. அவள் இருக்கிறாளா என்பதல்ல, எங்கே இருக்கிறாள் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. விளங்கினாலும் பயம் போகவில்லை. நான் தாய்க்குச் சொன்ன பதில் சரி. ஆனால் அந்தப் பெண் எங்காவது கிணற்றோரம் கிடந்தால் என் சரி யாருக்கு வேண்டும்? வேலை செய்யும்போது அவள் ஞாபகமாகவே இருந்தது. பார்ப்பதற்கு எனக்கு அனுமதி இருந்தது. அவசரம் என்று காரணம் எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எச்சரிக்கை எங்கள் குழுவுக்கு வரும், எங்கள் குழு என்றால் பெரும்பாலும் நான்தான்.

என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "எங்கன்னு பாக்க வேணாம். போன் ஓடுதா இல்லையான்னு மட்டும் பாரு. ஓடினா உயிரோட இருக்கான்னு அர்த்தம்."

கொஞ்சம் தகவல்தான், ஒரே தடவைதான், வேறு யாருக்கும் தெரியாது. நல்ல மனிதர்களிடமிருந்தும் விண்ணப்பம் இதே வடிவத்தில்தான் வருகிறது. போன் ஓடுவதுதான் மணி அடித்ததிலேயே தெரிகிறதே என்றேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை எதுவும் போடவில்லை. குழாயில் குடிநீர் வந்தால் முன்பெல்லாம் எனக்குக் குரல் கொடுப்பார். இப்போது அவர் கணவர் வந்து எங்கள் கேட்டைத் தட்டிவிட்டுப் போனார். சந்தையில் பார்த்தால் இருவருமே தக்காளியைக் கவனமாகப் பொறுக்கினோம்.

ஒரு வாரம் போல ஆகியிருக்கும். எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் விடுப்பு சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய், ஹாஸ்டலுக்குப் போகலாம் வாருங்கள் என்றேன். வாசலில் நின்று கேட்டவர்களுக்கு வாசலில் பதில் சொல்லியிருக்கிறார்கள், உள்ளே போய் உட்கார்ந்து கேட்போம் என்றேன். அக்கா உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டு ஒரு பையோடு வந்தார். பையில் சாமை அரிசியும் புளியும் இருந்தன.

காலை பஸ்ஸில் ஆலங்காயம் வழியாக இறங்கினோம். மலையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் ஜன்னலில் தலையை நீட்டினார். நான் பையைப் பிடித்துக்கொண்டேன். அடிவாரம் வந்ததும் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

ஹாஸ்டல் ஒரு பழைய பெரிய வீடு. முன்பு தோல் வியாபாரக் குடும்பம் ஒன்று அதில் இருந்ததாம், இப்போது ஒரு முஸ்லிம் அம்மா அதை நடத்துகிறார். பெண்கள் அவரை ஆப்பா என்று கூப்பிட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார். இன்னாரின் அம்மா என்று சொன்னதும் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். அக்கா டீயைத் தொடவில்லை.

"பொண்ணு நல்லா கீது. வேற ஊர்ல வேலைக்குப் போய்க்கினு கீது. இதுக்கு மேல கேக்காதீங்க," என்றார் ஆப்பா.

எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. இத்தனை நாள் தோளில் எதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அக்காவுக்கு நேர்மாறாக ஆயிற்று. இந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை என்பது அவரை உடைத்துவிட்டது. தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அந்தக் கல்யாணம் கூட நிற்கட்டும், ஊர் பேரை மட்டும் சொல்லுங்கள், போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினார். ஆப்பாவும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆனால் சொல்லவில்லை.

"இங்க நாப்பது பொண்ணுங்க கீது. ஒருத்திக்கு அம்மா அழுதுக்கினு வரும், ஒருத்திக்கு அண்ணன் கத்திய எடுத்துக்கினு வருவான். யாருக்கு சொல்றது, யாருக்கு சொல்லாதது? நான் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வெச்சிருக்கேன்மா."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் ஆப்பாவும் ஒரே கம்பெனியா என்று கேட்பது போல இருந்தது.

நான் ஆப்பாவிடம் ஒன்று கேட்டேன். ஊர் பேர் வேண்டாம், நம்பர் வேண்டாம். நீங்கள் உள்ளே போய் அவளைக் கூப்பிடுங்கள். அம்மா வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள். பேசுகிறேன் என்றால் போனைக் கொடுங்கள், மாட்டேன் என்றால் நாங்கள் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறோம்.

ஆப்பா யோசித்தார். இதில் அந்தப் பெண்ணுக்கு அவர் கொடுத்த வாக்கு எங்காவது இடிக்கிறதா என்று பார்க்கிறார் என்று தோன்றியது. எங்கள் கம்பெனி வக்கீல்கள் இதே முகத்தோடு யோசிப்பார்கள், ஆனால் இரண்டு வாரம் எடுத்துக்கொள்வார்கள். அவர் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பேச்சு கேட்டது, வார்த்தை புரியவில்லை. பிறகு பேச்சு நின்றது. கதவு திறந்து ஆப்பா வந்து போனை அக்காவிடம் நீட்டினார். திரையில் நம்பர் தெரியாதபடி கைக்குட்டையால் சுற்றியிருந்தார்.

அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "பஸ்ல வாந்தி எடுத்துக்கினே வந்தேன்," என்றார். அந்தப் பக்கம் மகள் ஏதோ சொன்னாள். "தனியா இல்ல. டாக்டரம்மா கூட வந்திருக்கு," என்றார். பிறகு அவள் நிறையப் பேசினாள். அக்கா தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். எந்தப் பையனோடும் அவள் போகவில்லை. மாமன் மகன் மீதும் அவளுக்குக் குறை இல்லை. கட்டிக்கொள்ள இஷ்டம் இல்லை, அவ்வளவுதான். அதைச் சொன்னால் அம்மா அழுவாள், அழுதால் சரி என்று சொல்லிவிடுவோம் என்று பயந்து வேறு ஊருக்கு மாறியிருக்கிறாள். இதெல்லாம் அக்கா பிறகு சொல்லித் தெரிந்தது. அப்போது நான் கேட்டது கடைசியில் அக்கா சொன்ன ஒரு வாக்கியத்தைத்தான்.

"எங்கண்ணங்கிட்ட நானே சொல்லிடறேன். நீ போனை மட்டும் எடு."

பையை மகளுக்கு என்று ஆப்பாவிடம் கொடுத்தார். தானே பார்சலில் அனுப்பிவிடுவதாக ஆப்பா சொன்னார். பிறகு அக்கா ஆறிப்போன டீயை எடுத்து முழுவதும் குடித்தார்.

திரும்பும்போது பஸ் பாதி மலை ஏறியிருக்கும். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"அந்தம்மா கதவ சாத்திக்கினு பேசிச்சு பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"நீயும் அதே ரகந்தான்."

பாராட்டா திட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் குழாயில் தண்ணீர் வந்தபோது அவரே குரல் கொடுத்தார்.

அண்ணன் வீட்டில் கோபித்துக்கொண்டார்கள். அந்த வருடம் சாமை அறுப்புக்கு அவர்கள் யாரும் வரவில்லை. பிறகு பையனுக்குச் செங்கத்தில் பெண் அமைந்தது. அக்கா கல்யாணத்துக்குப் போய் முன்னால் நின்று எல்லா வேலையும் செய்துவிட்டு வந்தார். வந்ததும் தலைவலி என்று இரண்டு நாள் படுத்துக்கொண்டார்.

மகள் பொங்கலுக்கு வந்தாள். வந்த அன்றே எங்கள் மாடிப்படிக்கு வந்துவிட்டாள். கொய்யாக்காய் இல்லாத பருவம், கரும்போடு வந்தாள். கொஞ்ச நேரம் எதையெதையோ பேசினாள். பிறகு கேட்டாள்.

"எங்கம்மா உங்ககிட்ட கேட்டாங்களாமே?"

"கேட்டாங்க."

"பாத்தீங்களா?"

"இல்ல."

அவள் நம்பவில்லை. நம்பாதது அவள் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. யார் எதைப் பார்த்தாலும் கணினியில் பதிவாகிவிடும், நான் பார்த்திருந்தால் அதுவும் பதிவாகியிருக்கும் என்றேன். அப்படியென்றால் அந்தப் பதிவை எனக்குக் காட்டுங்கள் என்றாள். அதை வெளியாட்களுக்குக் காட்டக் கூடாது என்றேன். என் காதுக்கே அது நன்றாக இல்லை. அவள் கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு, சரி, இந்த ஆப்பு நான் எங்கே இருக்கிறேன் என்று எடுக்காதபடி எப்படி நிறுத்துவது என்று கேட்டாள்.

அதை நான் காட்டித் தரலாம். போனை வாங்கினேன். அமைப்புகளுக்குள் போய், கணக்குக்குள் போய், அதற்குள் இன்னொன்றுக்குள் போய், தவறான இடத்துக்கு வந்து, திரும்பிப் போய் மறுபடி தேடினேன். அவள் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கிடைத்தது.

"இத்த இன்னாத்துக்கு இவ்ளோ உள்ள வெச்சிருக்கீங்க?"

தெரியாது என்றேன். உண்மையில் தெரியும். ஆனால் படிக்கட்டில் உட்கார்ந்து சொல்லும் அளவுக்கு அது நல்ல காரணம் இல்லை. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பியதும் அந்தக் கேள்வியை அவள் கேட்ட மாதிரியே எழுதிக் கூட்டத்தில் வைத்தேன். வானிலையைப் பற்றிக் கேட்டார்கள். குளிர் என்றேன். பல கூட்டங்களுக்குப் பிறகு அந்தப் பொத்தான் ஒரு படி மேலே வந்தது. அதற்கு மேல் வந்தால் திரையின் அழகு கெட்டுவிடும் என்று வடிவமைப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் சொன்னதற்கு ஒரு படியாவது நகர்ந்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன். கம்பெனியில் நான் சந்தோஷப்பட்ட சந்தர்ப்பங்கள் குறைவு.

அந்தப் பொங்கல் முடிந்து மகள் ஊருக்குக் கிளம்பிய காலை அவளை ஏற்றிவிட அக்காவும் நானும் பஸ் நிலையம் வரை போனோம். பஸ் வளைவில் மறையும்வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, நான் கேட்காமலேயே, மகள் வேலை பார்க்கும் ஊரின் பெயரைச் சொன்னார். மகள் தன் வாயாலேயே நேற்று சொன்னாளாம். கம்பெனி எந்தத் தெருவில் இருக்கிறது, அறை எந்தப் பக்கம், கூட எத்தனை பெண்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே நடந்தார்.

எனக்கு எதுக்குக்கா சொல்றீங்க என்றேன்.

"யார்கிட்டயாவது சொல்லணுமில்ல? நீதான் வெளிய வுடமாட்டியே."

அதன் பிறகு என்னைப் பற்றி இதை அவர் சந்தையிலும் சொல்லியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் ஊரில் பலர் வீட்டுப் படியேறி வந்து, ஆடு மாடு சம்பந்தமில்லாத விஷயங்களை என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். போன வாரம் அக்காவின் கணவர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, நான் அவரிடம் கேட்டதிலேயே நீளமாகப் பேசினார். பேசி முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிலத்துக்குப் போனார். நான் கூட்டத்துக்குத் தாமதமாகச் சேர்ந்தேன்.